ரவுட்டருக்கு ஆன்டெனா இருக்கு... சிம்முக்குப் பூட்டு இருக்கா?

2011 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் சுமார் 400 டிராஃபிக் சிக்னல்கள் பாழாகிக் கிடந்தன. திருடர்கள் குறிவைத்தது உள்ளே இருந்த மோடம்களின் சிம் கார்டுகளை. அவற்றைப் போனில் போட்டுப் பேசித் தீர்த்தார்கள். பில் வந்தது நகர நிர்வாகத்துக்கு!

கடைக்கோ சிசிடிவிக்கோ 4ஜி ரவுட்டர் வாங்கும்போது, பெரிய ஆன்டெனாவுக்கு யோசிக்காமல் பணம் தருகிறோம். சிம் ஸ்லாட்டுக்கு ஸ்க்ரூ வைத்த மூடி, பூட்டுப் போட்ட பெட்டி என்றால் மட்டும் 'அதெல்லாம் எதுக்கு?' முதலில் வாங்க வேண்டியதே அதுதான்.

அப்படியே சிம்முக்கு பின் நம்பரும் போட்டுவிடுங்கள். ரவுட்டரில் ஒருமுறை பதிந்தால் போதும். அந்த நம்பர் தெரியாமல் வேறு போனில் சிம் வேலை செய்யாது. டேட்டா மட்டும் போதுமென்றால், வாய்ஸ் காலை நிறுத்தச் சொல்லி நெட்வொர்க் நிறுவனத்திடம் கேளுங்கள். ஆன்டெனாவை அப்புறம் பார்க்கலாம்.