குலுக்கையின் அடித்துளை

நெல்லைச் சீமைக் கதைகளில் 'குலுக்கை' என்ற சொல் கண்ணில் பட்டால் நம்மைப் போன்ற வாசகர்களுக்கு ஒரு மகிழ்ச்சி. மண்ணால் வனைந்த அந்தத் தானியக்கூடு என்ன வேலை செய்தது என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை. மேல்வாய் வழியே கொட்டுவார்கள். அடித்துளை வழியே எடுப்பார்கள். ஆகவே பழைய தானியம் முதலில் உலைக்குப் போகும், புதியது காத்திருக்கும். ஆபத்துக்கென்று தனியே பூட்டிவைத்த பண்டம் புழுத்துப்போகும். அன்றாடம் தின்பதையே சற்றுக் கூடுதலாக வைத்துச் சுழற்றுவதுதான் சேமிப்பு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இது வெறும் பழம்பெருமை அன்று என்று தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு வண்டி நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கியபோது, புதுக்குடி மக்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்து அவர்களுக்குச் சோறிட்டனர். வெள்ளத்தின் நடுவிலும் அவ்வூர் வீடுகளில் அரிசி இருந்தது!

மின்சாரம் போனால் முதல் நாள் குளிர்பெட்டியில் உள்ள மாவையும் பாலையும் காய்கறியையும் தீர்த்துவிட வேண்டும். மறுநாள் சோறும் வற்றல் குழம்பும். பங்குனி, சித்திரை வெயிலில் காயவைத்த சீனியவரை வற்றலும் சுண்டை வற்றலும் மிதுக்கு வற்றலும் அடைமழைக்காலத்துக்கென்றே இருப்பவை. மின்அம்மி ஓடாது, ஆதலால் அரைக்கத் தேவையில்லாத குழம்பே நல்லது. எரிவாயுவும் தீர்ந்தால் அவல், கருப்பட்டி, பொரிகடலை. அவல் ஊற ஒரு குவளை நீர் போதும். ஊரே தண்ணீரில் மிதக்கையில் குடிநீர்தான் அரிது என்பதை மறக்கலாகாது.

இவ்வளவும் வாங்கிவைக்க வசதி உள்ளவர்க்கே பொருந்தும். அன்றாடக் கூலியில் அன்றைக்கான மளிகை வாங்கும் குடும்பத்திடம் "சேமித்து வை" என்று சொல்வது நமக்குக் கூச்சமாக இருக்கிறது. நியாயவிலைக் கடை மூலம் கார்த்திகை, மார்கழி மாத அரிசியை ஐப்பசியிலேயே சேர்த்துத் தரலாம். ஆற்றோரத்து ஓரறை வீட்டில் அதை எங்கே வைப்பது? அந்த வெள்ளத்தில் தரைமட்ட வீடுகளில் இருந்த அரிசியும் நனைந்துதானே போயிற்று? மேட்டில் உள்ள பள்ளிக்கூடத்தில் ஓர் அறையை ஊர்க்குலுக்கையாக ஒதுக்கி, அங்கிருக்கும் அரிசியையே சத்துணவுக்குச் சுழற்றி, புதியதை நிரப்பி வரலாம் என்பது நம் கருத்து. ஐப்பசி பிறக்குமுன் செய்யவேண்டிய வேலை இது.