பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்

2010 ஜனவரி 26. நாடு குடியரசு தினம் கொண்டாடிய அன்று அந்தமானில் போவா சீனியர் என்ற மூதாட்டி காலமானார். வயது 85 இருக்கும். 'போ' என்ற மொழியைப் பேசத் தெரிந்த கடைசி மனுஷி அவர்.

நல்லவேளை, மொழியியலாளர் அன்விதா அப்பி அதற்கு முன்பே அவரோடு உட்கார்ந்து கேட்டு, பதிவு செய்திருந்தார். 2012இல் கிரேட் அந்தமானிய மொழிக்கு அகராதியும், 2013இல் இலக்கணமும் வெளியிட்டார். இனி 'போ' மொழிச் சொல் எதிலாவது சந்தேகம் வந்தால் கேட்பதற்கு இத்தகைய பதிவுகள்தான் உண்டு. பாட்டி இல்லை.

இப்போது ஒரு கற்பனை. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை தேவைப்படும் ஒரு பேராசிரியர், 'போ' மொழி பற்றிச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அதற்குக் குறைவு. இல்லாத சொல்லுக்கு இல்லாத பொருளை, இல்லாத நூலின் பெயரோடு சரளமாக எழுதித் தந்துவிடலாம். தமிழில் இப்படிச் செய்தால் கோடிப் பேர் சிரிப்பார்கள். 'போ' மொழியில் சிரிக்க யார் இருக்கிறார்கள்? அச்சேறிவிட்டால், அடுத்த ஆய்வாளருக்கு அந்தப் பொய்யே ஆதாரம்.

2023 ஜனவரியில் 'சயின்ஸ்', 'நேச்சர்' இதழ்கள் இயந்திரத்தைக் கட்டுரையாளராக ஏற்க முடியாது என்று அறிவித்தன. அதே ஆண்டு மே மாதம் மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவும் அதையே சொன்னது. இயந்திரத்தின் உதவியைப் பெற்றிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றது. காரணம் எளிது. தப்பு நேர்ந்தால் கூப்பிட்டுக் கேட்க முடியாத ஒன்றுக்குக் கட்டுரையில் பெயர் எதற்கு?

சரிதான். ஆனால் இந்த நியாயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1887இல் எம்.வி. போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்தமான் மொழிகளுக்குக் கையேடு வெளியிட்டார். அட்டையில் இருப்பது அவர் பெயர். சொற்களைச் சொல்லித் தந்தவர்களின் பெயர் அல்ல. காட்டில் வழி காட்டுகிறவரும், கடலில் படகு ஓட்டுகிறவரும், சொல்லுக்குப் பொருள் சொல்கிறவரும் இன்றும் பெரும்பாலும் கடைசிப் பக்க நன்றியுரையோடு சரி. ஆய்வுக்குக் கணிசமாகப் பங்களித்தவருக்குக் கட்டுரையைத் திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்பளிக்க வேண்டும் என்று அதே சர்வதேசக் குழுவின் விதி சொல்கிறது. கேட்பவர்தான் குறைவு.

எனவே 'இயந்திரத்தின் உதவி பெறப்பட்டது' என்ற ஒரு வரி போதாது. அழிந்துவரும் மொழி பற்றிய கட்டுரை என்றால், ஒவ்வொரு சொல்லும் எந்தப் பதிவிலிருந்து வந்தது, யார் குரல் என்று இதழ்கள் கேட்க வேண்டும். சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரும் வர வேண்டும். அவர் உயிரோடு இருக்கிறார் என்றால் அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை அவருக்குப் படித்துக் காட்டலாம். அந்த வாய்ப்பு எப்போதும் இருக்காது என்பதற்குப் போவா சீனியரே சாட்சி.