பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்

"அக்கா, வேலைக்குப் போகவே பிடிக்கல."

ஓர் இரவு சித்தி மகன் கைப்பேசியில் அழைத்துச் சொன்னான். "எல்லா வேலையும் அப்படித்தான்ப்பா. ரெண்டு நாள் லீவு போட்டு ஓய்வெடு" என்றேன். "சரிக்கா" என்று வைத்துவிட்டான். அதன் பிறகு மூன்று மாதம் அவன் அழைக்கவே இல்லை.

அடிப்படை ஆலோசனைத் திறன் வகுப்பு ஒன்றில் உட்கார்ந்தபோதுதான் என் தவறு புரிந்தது. அன்று அவனுக்கு வேண்டியிருந்தது கேட்க ஓர் ஆள். நானோ ஒரே வரியில் பேச்சை முடித்துவிட்டேன்.

மற்றவரின் நிலையில் இருந்து உணர்வது, நிபந்தனையின்றி அவரை மதிப்பது, நடிக்காமல் உண்மையாக இருப்பது. ஆலோசனைக்கு இவை அடிப்படை என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதினார். வீட்டிலும் இதைப் பழகலாம்.

அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். "வேலையை நினைச்சாலே மனசு சோர்ந்து போகுதா?" நாம் தவறாகப் புரிந்திருந்தால் அவரே திருத்துவார்.

"ஏன் இப்படிச் செய்தாய்?" என்பது விசாரணைபோல் ஒலிக்கும். "என்ன நடந்தது?", "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டால் பேச்சு வளரும்.

உயிரை விடும் எண்ணம் இருக்குமோ என்று தோன்றினால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. "ஆமாம்" என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். உடனடி ஆபத்து என்றால் 999. பேசுவதற்கு பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555 ஆகிய எண்கள் உள்ளன. மற்ற இரகசியங்களைக் காப்பாற்றலாம். உயிர் ஆபத்தை மட்டும் மறைக்கக்கூடாது.

ஒரு வார இறுதிப் பயிற்சி நம்மை ஆலோசகர் ஆக்கிவிடாது. மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி அதற்குப் பதிவு வேண்டும். கேட்பதும், துணையிருப்பதும், தேவைப்பட்டால் உரியவரிடம் அழைத்துச் செல்வதும் நம் பங்கு.

வகுப்பு முடிந்த அன்றே தம்பியை அழைத்தேன். "அன்னிக்கு நீ சொல்ல வந்ததை நான் கேக்கல. இப்ப சொல்றியா?"

நீண்ட நேரம் அமைதி. இம்முறை நான் வாய் திறக்கவில்லை. பிறகு அவன் பேசினான், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக.