முடியாது என்றாவது எழுதிக் கொடுங்கள்

சொந்த மனையில் ஒரு கல்வீடு கட்ட அனுமதி கேட்டது குற்றமா? புதுச்சேரிக் கடலோரத்து நல்லவாட்டில் பிறந்து, இந்தக் கரையிலேயே வலை இழுத்து, கருவாடு காயவைத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஒரே கூரைக்குள் இரண்டு குடும்பம் எத்தனை காலம் படுக்கும்? பட்டா நகல், வரி ரசீது, இன்ஜினியர் போட்ட பிளான் எல்லாம் வைத்து மனு கொடுத்தோம். இன்றுவரை பதில் இல்லை.

நேரில் போய்க் கேட்டால், "இது சி.ஆர்.இசட். ஏரியா, வராதும்மா" என்கிறார்கள். அதையே எழுதிக் கொடுங்கள் என்றால் யாரும் பேனாவை எடுப்பதில்லை. எழுத்தில் மறுத்தால் மேல்முறையீடு செய்வேன், கோர்ட்டுக்குப் போவேன். வாயால் சொன்ன "வராது"க்கு நான் எங்கே போய் வழக்குப் போடுவேன்? அப்ரூவல் இல்லாமல் பேங்க் கடனும் கிடையாது. துணிந்து கட்டினால் இடிக்க வருவார்கள்.

சட்டம் எங்களைத் தள்ளிவைக்கவில்லை. 2011இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல (சி.ஆர்.இசட்.) அறிவிக்கை, கிராமப்புறக் கரையில் 200 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்று சொன்னபோதும், 100 மீட்டருக்கு அப்பால் மீனவர் வீட்டுக்கு இடம் விட்டது. 2019 அறிவிக்கையோ, கட்டடம் அனுமதிக்கப்பட்ட பகுதியில் 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட சொந்தக் குடியிருப்புக்கு உள்ளாட்சி அமைப்பே ஒப்புதல் தரலாம், கடலோர மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரை தேவையில்லை என்கிறது. நாங்கள் கேட்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் உள்ளாட்சி எங்கே இருக்கிறது? புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 38 வருஷம் கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதோடு சரி. 2021இல் தேதி அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டு வழக்கில் அதுவும் நின்றது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் எங்கள் ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒருவர்கூட இல்லை. அதிகாரி மாற்றலாகிப் போவார், அடுத்தவர் வருவார். எங்கள் ஃபைல் மட்டும் அதே மேசையில் கிடக்கும்.

கடலோரம் ஆபத்து என்று எங்களுக்கே சொல்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியன்று, சிங்கப்பூரில் இருந்த எங்கள் ஊர்ப் பிள்ளை போனில் எச்சரிக்க, சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையத்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, சுமார் 3,600 உயிரைக் காப்பாற்றிக்கொண்ட ஊர் இது! ஆபத்தை நாங்கள் அறிவோம். 2011இல் "தானே" புயல் கரை கடந்ததும் இந்தப் பக்கம்தான், 2024இல் "ஃபெஞ்சல்" புயல் வந்ததும் இந்தப் பக்கம்தான். காற்றில் பறப்பது எங்கள் கூரை. அதனால்தான் கான்கிரீட் கேட்கிறோம். அனுமதி கொடுக்காமல் இழுத்தடிப்பதால் நாங்கள் கடலை விட்டுப் போய்விடவில்லை, அதே இடத்தில் ஓலைக்கும் தகரத்துக்கும் கீழே படுத்திருக்கிறோம்.

ஐயா, மனுவைப் பாருங்கள். வந்து நிலத்தை அளந்து பாருங்கள். முடியும் என்றால் முத்திரை குத்துங்கள். முடியாது என்றால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உள்ளாட்சித் தேர்தலை இனியும் தள்ளாமல் நடத்துங்கள். எங்கள் மனு என்ன ஆயிற்று என்று கேட்க எங்கள் ஊருக்கு ஓர் ஆள் வேண்டும்.