சைக்கிளும் சட்டமும்

மது அருந்திவிட்டுச் சைக்கிள் ஏறுகிறவனைச் சட்டம் ஒன்றும் செய்யாது என்றோர் எண்ணம் ஜனங்களிடையே பரவியிருக்கிறது. மோட்டார் ஓட்டியைப் போல அவனுக்கும் ரூ.10,000 அபராதம் விதிக்கலாம் என்று வேறு சிலர் நம்புகின்றனர். இரண்டும் பிசகு. முன்னதை நம்பினால் உயிருக்கு ஆபத்து. பின்னதை நம்பினால் கூலிக்கு ஆபத்து. இரண்டிலும் நஷ்டமடைகிறவன் ஏழைத் தொழிலாளியே யாதலின், இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமாகிறது.

ராயப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். மாலை வேளையில் மணிக்கூண்டைச் சுற்றி பஸ்ஸும் காரும் மோட்டார் சைக்கிளும் நெருக்கியடித்துச் செல்லும்போது, அவற்றினூடே இன்னும் மிதித்துச் செல்கிறவர் யார்? தேநீர்ப் பாத்திரத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு விற்கிறவர், கட்டிட வேலை முடிந்து வீடு திரும்பும் கூலியாள், இரவுக் காவலுக்குப் போகிறவர் ஆகிய இவர்களே. வேறு வண்டி வாங்க வழியில்லாதவர்களின் வாகனம் சைக்கிள். ஆகவே, சைக்கிளைப் பற்றிச் செய்யப்படும் எந்தச் சட்டமும் முதலில் இவர்கள் தலைமீதே விழும் என்பதை மறத்தலாகாது.

சட்டம் கூறுவது யாது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு அதிகமான மதுவோடு மோட்டார் வாகனம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். மறுமுறைக்கு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ரூ.15,000 அபராதம், அல்லது இரண்டும். ஆனால் காலால் மிதிக்கும் சைக்கிள் யந்திர விசையால் ஓடுவதன்று. எனவே அது மோட்டார் வாகனமுமன்று. மூச்சை ஊதிக் காட்டச் சொல்லும் அதிகாரத்தைப் போலீசாருக்கு அளிக்கும் 203ஆவது பிரிவும் மோட்டார் வாகனம் ஓட்டுகிறவரையே குறிக்கிறது. ஆகவே 185ஆவது பிரிவைக் காட்டிச் சைக்கிள்காரனிடம் பணம் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அப்படிக் கேட்கப்படுகிறவன், எந்தப் பிரிவின்கீழ் என்று கேட்கவும், ரசீதில்லாமல் ஒரு காசும் கொடுக்க மறுக்கவும் உரிமையுடையவன்.

இதனால் சைக்கிள்காரன் மனம்போனபடி நடக்கலாம் என்று கொள்ளற்க. 2024 ஜூலை 1 முதல் அமலிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதையின் 281ஆவது பிரிவு, பொது வழியில் மனித உயிருக்கு அபாயம் உண்டாகும்படி எந்த வண்டியை ஓட்டினாலும் ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும் என்று விதிக்கிறது. அங்கே மோட்டார் என்ற சொல்லே இல்லை. கவனக்குறைவால் ஓர் உயிர் போகுமானால், 106ஆவது பிரிவின்படி ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. பொதுவிடத்தில் குடித்துப் பிறருக்குத் தொந்தரவு செய்கிறவனுக்கு 355ஆவது பிரிவு 24 மணி நேரம் வரை காவலோ, ரூ.1,000 வரை அபராதமோ, சமூக சேவையோ விதிக்க இடந்தருகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதே குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்தான். சமூக சேவை என்பது புதிதாக வந்தது.

பிற தேசங்களில் எப்படி? இங்கிலாந்தில் போதையில் சைக்கிள் ஓட்டுவது தனிக் குற்றம். ஆயினும் அதற்கு 1,000 பவுன் வரை அபராதம் மட்டுமே, சிறையில்லை. ஜெர்மனியில் ஆயிரத்துக்கு 1.1 பங்கு மது இரத்தத்திலிருந்தாலே மோட்டார் ஓட்டி தகுதியற்றவனாகிறான். சைக்கிள்காரனுக்கு அவ்வளவு 1.6. ஜப்பானோ 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து, மூச்சில் குறித்த அளவு மதுவிருந்தால் சைக்கிள்காரனுக்கும் மூன்று வருஷம் வரை சிறை அல்லது ஐந்து லக்ஷம் யென் வரை அபராதம் என்று கடுமையாக்கிவிட்டது. நமக்கு ஏற்றது முதலிரண்டு தேசங்களின் வழியே என்பது நமது அபிப்பிராயம். குற்றம் ஒன்றாயினும், அதனால் விளையும் கேடு வண்டியின் எடைக்கும் வேகத்துக்கும் தக்கபடி வேறுபடுகிறது. குடித்து லாரி ஓட்டுகிறவன் பிறரைக் கொல்லுகிறான். குடித்துச் சைக்கிள் ஓட்டுகிறவன் பெரும்பாலும் தன்னையே கொல்லுகிறான். தண்டனையும் அவ்வாறே வேறுபடுதல் நியாயம்.

ஆகையால் நாம் கூறுவது இது: தள்ளாடிச் செல்கிறவனைப் போலீசார் நிறுத்தட்டும், அன்றிரவு சைக்கிளைப் பத்திரப்படுத்தி அவனை வீட்டுக்கு அனுப்பட்டும், காலையில் தெளிந்து வந்தபின் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கட்டும். பிறருக்குத் தொந்தரவு செய்தவனைக் கோர்ட்டார் சமூக சேவைக்கு அனுப்பலாம். 1911 முதல் நடந்துவரும் ராயப்பேட்டை சர்க்கார் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே அடிபட்டுக் கிடப்பவர்களுக்கிடையே ஒரு நாள் ஊழியம் செய்தவனுக்கு அபராதம் கற்பிக்காத பாடம் விளங்கும். புதுச் சட்டம் செய்வதானால் இவ்வளவோடு நிற்கட்டும். ரூ.10,000 அபராதத்தைச் சைக்கிளுக்கும் நீட்டினால், அதைக் கட்டுவது குடித்தவனல்லன். அவன் மனைவியும் மக்களுமே பட்டினி கிடந்து கட்டுவர்.

கடைசியாக ஒன்று. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் ரத்தாகவில்லை. பொதுவிடத்தில் போதையோடு காணப்படுவதையே அது குற்றமாக்குகிறது. அதே சட்டத்தின்கீழ்ச் செய்த விதிகளைக் கொண்டே 2003 முதல் சர்க்கார் சில்லறையில் மது விற்றுவருகிறது. அரசியல் சாசனத்தின் 47ஆவது ஷரத்து மதுவிலக்கை நாடச் சொல்கிறது. நமது ராஜ்யத்து வழக்கறிஞர் பாலு தொடர்ந்த வழக்கில், 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு நெடுஞ்சாலையோரக் கடைகளை 500 மீட்டர் அப்பால் தள்ளியது. 2017இல் நகர எல்லைக்குள் அத்தடை செல்லாது என்றும் விளக்கிவிட்டது. சாலையில் குடிவெறியால் சாவு நேர்கிறது என்பதே அத்தடைக்குக் காரணம். அக்காரணம் நகரத்துச் சாலைக்கு மட்டும் பொருந்தாதோ?

ஒரு கையால் புட்டியைக் கொடுத்து மறுகையால் அபராதம் வாங்குவது நீதியாகாது. குடித்தவனைத் திருத்தும் கடமை சட்டத்துக்கு உண்டு. விற்றவனைக் கேள்வி கேட்கும் கடமை நமக்கு உண்டு. பொது ஊழியத்தில் ஈடுபட்டோர் இரண்டையும் கைவிடலாகாது.