தாமரைக் குளத்துக்குள் டாங்கி

செட்டிநாடு பார்க்க வரும் பிரெஞ்சுக்காரர்களை அப்படியே சித்தன்னவாசலுக்கும் கூட்டிவருகிற ஒரு நிறுவனத்தின் கையேட்டைப் போன வாரம் படித்துக் கொதித்துப்போனேன். அங்குள்ள அறிவர் கோயில் விதான ஓவியத்தை ஆங்கிலத்தில் ‘லோட்டஸ் டாங்க்’ என்று எழுதி, அதைச் செல்போனில் தட்டிப் பிரெஞ்சாக்கியிருக்கிறார்கள். வந்து விழுந்த சொல் ‘ஷார்’. ஷார் என்றால் போர்முனையில் குண்டு வீசுகிற டாங்கி! தாமரையும் மீனும் அன்னமும் யானையும் எருமையுமாக, நடுவே நின்று பூப்பறிக்கும் அடியார்களுமாக ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் குளத்துக்குள் டாங்கியை இறக்கிவிட்டார்கள்.

கேட்டால், “ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை, போன்லயே வந்துருது சார்” என்கிறார் அந்த நிறுவனத்தில் இருந்த தம்பி. டீக்கடையிலிருந்து ஆபீஸ் வரை எல்லோருக்கும் இதே நம்பிக்கைதான்.

டாங்க் என்பதற்குப் பிரெஞ்சில் ஒரே சொல்லா இருக்கிறது? காரின் பெட்ரோல் டாங்க் ‘ரெஸெர்வ்வார்’. ஊர்க்குளம் ‘எத்தான்’. உருவகமாக வந்தால் தொட்டியே காணாமல் போகும். ‘திங்க் டாங்க்’ அவர்களுக்குக் கருத்துகளின் ஆய்வுக்கூடம். பங்கு விலை ‘டாங்க்’ ஆனால் அவர்களுக்கு அது இடிந்து விழுகிறது. ஆங்கிலத்திலேயே டாங்கிக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு பொய்யால்தான். 1916 செப்டம்பரில் சோம் போர்க்களத்தில் இறக்கும்வரை ரகசியம் காக்க, தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்று பிரிட்டிஷார் கதை கட்டினார்கள். பிரெஞ்சுக்காரர் அந்தப் பொய்யைச் சுமக்காமல் ‘தாக்கும் தேர்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். இத்தனையும் எந்தச் செல்போனுக்குத் தெரியும்?

முதலில், குளத்தை ஏன் ஆங்கிலம் வழியாகக் கொண்டுபோக வேண்டும்? குடிக்க ஊருணி, பாசனத்துக்குக் கண்மாய், ஆடுமாட்டுக்குக் குட்டை, இவை போக ஏந்தல் என்று பிரித்துப் பேசுகிற மாவட்டம், சித்தன்னவாசல் இருக்கிற இந்த மாவட்டம். வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் டாங்க் என்று ஒரே மூட்டையாகக் கட்டினார். நாம் இன்னும் அந்த மூட்டையைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறோம். தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நேர்வழி இல்லையா? புதுச்சேரி பாதிரிமார் முசேயும் துப்புயியும் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்–பிரெஞ்சு அகராதி போட்டார்கள். இதே சித்தன்னவாசல் ஓவியத்தை 1920 வாக்கில் உலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ரேய். அவருடைய மொழிக்காரர்களிடமே அது டாங்கி என்று சொல்கிறோம். வெட்கமாக இல்லையா?

தமிழிலும் இதே கூத்துதான். கண்மாயை மனை போட்டு விற்கிறவர் விளம்பரத்தில் ‘லேக் வியூ’ என்கிறார். மிகுநீர் வழிகிற கலுங்கு எது, வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடை எது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் டாங்க் மட்டும்தான்.

கையேட்டுக்குத் தாள் வாங்கக் காசு இருக்கிறது, வடிவமைப்பாளருக்கு இருக்கிறது, அச்சகத்துக்கு இருக்கிறது. மொழிபெயர்க்க மட்டும் காசு இல்லை. நாவலை மொழிபெயர்த்தவர் பெயரையே அட்டையில் போட யோசிக்கிற பதிப்பாளர்கள் இருக்கிற நாட்டில், கையேட்டுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? ஆளுக்குப் பஞ்சமும் இல்லை. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் காம்யுவைக் கொண்டுவந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. இன்றும் பிரெஞ்சு முறையாகப் படித்த பிள்ளைகள் புதுச்சேரியில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். பஸ் ஏறினால் ஒரே பகலில் போய்ச் சேர்கிற தூரம். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுங்கள்.