மாயாற்றின் அக்கரையில்

சென்ற கோடை விடுமுறையில் பெரியப்பாவுடன் தெங்குமரஹாடாவுக்குச் சென்றிருந்தேன். நீலகிரி மாவட்டத்து ஊர்தான். ஆனால் பவானிசாகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் போய், மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். பேருந்து இக்கரையோடு நின்றுவிடுகிறது. ஆற்றில் முதலைகள் உண்டு என்று பரிசல்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நிலவிய 1948-ஆம் ஆண்டளவில், பயிர் செய்வதற்காக ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு அரசே இங்கு நிலம் அளித்தது. இருளர்களோ அக்காட்டின் பழங்குடிகள். இன்று சுற்றிலும் புலிகள் வாழும் காடு. ஆகவே, குடும்பத்துக்கு 15 இலட்சம் ரூபாய் தந்து ஊரை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

நான் ஒரு வீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவ்வீட்டுப் பெண், என் வயதினள், "ஊரு போறதுக்குள்ள படம் புடிக்க வந்தீங்களா அக்கா?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளுடைய பாட்டி, "நான் இங்கயேதான் சாவேன்" என்றார். அவளுக்கோ, மழைக்காலத்தில் ஆறு பெருகினால் மருத்துவமனைக்குக்கூடப் போக முடியாத ஊரைவிட்டுப் போய்விட ஆசை.

புலியைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு விருப்பம் இருக்கும்போது, 'ஊரார் இசைந்தனர்' என்று ஒரே வரியில் எப்படி எழுத முடியும்? நார்வேயின் வடகோடியில், சாமி மக்கள் வாழும் மாசி என்னும் ஆற்றோர ஊரையே மூழ்கடித்து அணை கட்ட ஒரு காலத்தில் திட்டமிட்டார்கள். மக்கள் எதிர்த்ததால் ஊர் பிழைத்தது. ஆயினும் அதே ஆற்றில் 1987-இல் அணை எழுந்துவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? 1962-இல் நம் புதுச்சேரி முறைப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அண்ணன் ஒருவிதமாகவும் தம்பி வேறுவிதமாகவும் முடிவு செய்த வீடுகள் நம் ஊரில் உண்டு. மன வருத்தம் இருந்திருக்கும். ஆனாலும் ஆளுக்கு ஆள் கேட்டார்கள் அல்லவா? தெங்குமரஹாடாவிலும் பாட்டியைத் தனியாகக் கேட்கட்டும், பேத்தியையும் தனியாகக் கேட்கட்டும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். எந்த மாதத்தில் ஆறு பெருகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

எடுத்த படங்களைக் கழுவி அவளுக்கே அனுப்பிவிட்டேன்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி